எக்ஸ்ரே அக்காவின் மிச்ச தூரம்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமை மருத்துவர் அம்மா அவர்களே, நீச்சல் குளத்துப் பயிற்சியாளர் டீச்சர் அவர்களே, விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து எங்களோடு உட்கார்ந்திருக்கும் போட்டி நடுவர் ஐயா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் எங்கள் அச்சகத்து அத்தான் அவர்களே, அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் மகளே, எக்ஸ்ரே பிரிவின் தோழர்களே, காலையில் ஓடிவிட்டு அதே காலணியோடு நேராக இங்கே வந்துவிட்ட எங்கள் ஓட்டக் குழுவினரே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். உங்களில் பாதிப் பேர் இப்போது என்னைப் பார்ப்பதே என் கடைக் கண்ணாடி வழியாகத்தான். பேச்சாளன் அல்ல. ஓட்டக் குழுவின் செயலாளர் என்ற பதவி எனக்கு எப்படி வந்தது தெரியுமா? செயலாளரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று சொன்னதும் மற்றவர்கள் எல்லோரும் ஓடிவிட்டார்கள். மெதுவாக ஓடுபவன் நான் ஒருவன்தான். மாட்டிக்கொண்டேன். இன்றைக்கு இந்த ஒலிவாங்கியின் முன்னால் நிற்பதும் அதே காரணத்தால்தான்.

சற்று முன் வராந்தாவில் மகள் என்னை நிறுத்தினார். "மாமா, நீங்க பேசப் போறீங்களாமே. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எங்க அம்மாவைத் தெய்வமா ஆக்கிடாதீங்க. அவங்களே கேட்டாச் சிரிச்சிடுவாங்க" என்றார். எனவே நண்பர்களே, சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். இரங்கல் கூட்டத்தில் சிரிக்கக் கூடாது என்று விதி வகுத்தவர் எவரோ, அவர் எங்கள் எக்ஸ்ரே அக்காவைப் பார்த்திருக்க மாட்டார்.

இந்தக் கூட்ட அறைக்கு நேர் கீழேதான் அந்த அறை இருக்கிறது. கனமான கதவு. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு. உள்ளே எப்போதும் சில்லென்று இருக்கும் அந்தப் பலகை. அதில் நெஞ்சை ஒட்டி நின்றால் பின்னாலிருந்து ஒரு குரல் வரும். "தாடையை மேல தூக்குங்க. தோளை முன்னால தள்ளுங்க. மூச்சை நல்லா இழுங்க. பிடிச்சுக்குங்க. விடுங்க." அந்தக் குரல் சொல்லி மூச்சை அடக்காதவர் இந்த ஊரில் யார்? இந்த அறையில் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். பார்த்தீர்களா, ஒரு கைகூட எழவில்லை.

அப்படி ஊருக்கே மூச்சுப் பிடிக்கச் சொன்னவருக்கு ஒரு நாள் மூச்சு வாங்கியது. அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. அக்காவுக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தது. அன்று மருத்துவமனை லிஃப்ட் ஓடவில்லை. மேல்மாடி வார்டில் அவசரமாகப் படம் கேட்கிறார்கள் என்று உறையைத் தூக்கிக்கொண்டு படியேறிப் போய்க் கொடுத்துவிட்டுத் திரும்பினார். கீழே பலகையில் ஒரு பெரியவர் சட்டையைக் கழற்றிவிட்டுத் தயாராக நிற்கிறார். அக்கா வாயைத் திறக்கிறார், சொல் வரவில்லை. "மூச்சை" என்கிறார், நின்றுவிடுகிறது. மறுபடியும் "மூச்சை" என்கிறார். பெரியவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "நீங்க முதல்ல மூச்சு வாங்கிக்கம்மா. நான் எங்கயும் போயிட மாட்டேன்" என்றாராம்.

இதை அக்கா எத்தனை முறை எங்களுக்குச் சொல்லியிருப்பார். ஒவ்வொரு முறையும் அந்தப் பெரியவரின் குரலிலேயே சொல்வார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்து வாசலில் வந்து நின்றார். வேலைக்குப் போட்டுப் போகும் காலணி, தலையில் துண்டு. "ஓட வந்திருக்கீங்களா?" என்று கேட்டேன். "ஓட வரல. என் மூச்சு எங்க போச்சுன்னு தேடி வந்தேன்" என்றார். ஒரு சுற்று முடிப்பதற்குள் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே எங்கள் எல்லோருடைய பெயரையும் வேலையையும் வீட்டு விவரத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். நாங்கள் பல காலம் சேர்ந்து ஓடியவர்கள். ஒருவர் வீட்டு விவரம் இன்னொருவருக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

வீட்டில் என்ன நடந்தது? அக்காவின் கணவர், எங்கள் அத்தான் இங்கேயே இருக்கிறார், பொய் சொல்ல முடியாது. அச்சகத்தில் மை படிந்த விரலை நீட்டி அத்தான் கேட்டார்: "விடியறதுக்கு முன்னால எழுந்து ஓடணும்னா யாராவது துரத்தணும். உன்னை யார் துரத்தறா?" அக்கா சொன்னார்: "யாரும் துரத்தல. அதனாலதான் இவ்வளவு மெதுவா ஓடறேன்."

ஆனால் நண்பர்களே, அந்த மெதுவான ஓட்டம் நிற்கவில்லை. ஒரு சுற்று பல சுற்றானது. மைதானம் போதாமல் தெருவுக்கு வந்தது. தெரு போதாமல் ஊரைச் சுற்றியது. கால் விரல் நகம் கறுத்து விழுந்தது. அதற்கும் ஒரு படம் எடுத்துப் பார்த்து, "எலும்பு பத்திரம், நகம்தானே, முளைக்கும்" என்று தனக்குத் தானே அறிக்கை கொடுத்துக்கொண்டார். மதிய உணவு வேளையில் எக்ஸ்ரே அறையில் மாட்டியிருக்கும் ஈயக் கவசத்தை அணிந்துகொண்டு, அந்தச் சுமையோடு மருத்துவமனைப் படிகளில் ஏறி இறங்கிப் பயிற்சி செய்தார். கவசம் போட்ட ஒருவர் படியில் விரைந்து ஏறுவதைப் பார்த்த நோயாளிகள் மேலே ஏதோ ஆபத்து என்று கீழே இறங்கத் தொடங்கினார்கள். தலைமை மருத்துவர் அம்மா ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டியதாயிற்று: கதிர்வீச்சுக் கவசம் கதிர்வீச்சுக்கு மட்டும். அம்மா சிரிக்கிறார்கள். அந்தச் சுற்றறிக்கையை அக்கா அறைக் கதவிலேயே ஒட்டி வைத்திருந்தார்.

நெடுந்தூர ஓட்டங்களை முடித்தார். வெயிலில் ஓடி வந்தால் முகத்தில் உப்புப் பூத்திருக்கும். அந்த உப்பு முகத்தோடு பிறரைத் தேற்றிக்கொண்டு வருவார். முன்னால் ஓடுகிறவர்கள் கடிகாரத்தோடு போட்டி போடுவார்கள். கடைசியில் ஓடுகிறவர்களோடு பேச்சுத்துணைக்கு யார் இருக்கிறார்கள்? அக்கா இருந்தார். அவரோடு ஓடினால் தூரம் தெரியாது என்று சொல்வார்கள். உண்மை வேறு. அவரோடு ஓடினால் அவர் பேசுவதைக் கேட்பதிலேயே நம் களைப்பு மறந்துபோகும்.

பிறகு ஒரு நாள் என் கடைக்கு வந்தார். "தம்பி, ஏரியில நீச்சல், அப்புறம் சைக்கிள், அப்புறம் முழு மாரத்தான். எல்லாம் ஒரே நாள்ல. சேருவோமா?" என்றார். "அக்கா, உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டேன். "முழங்காலுக்கு மேல தண்ணியில இறங்கினதே இல்ல. உனக்கு?" என்றார். எனக்குச் சுமாராகத் தெரியும் என்றேன். "அப்ப பாதிப் பேருக்குத் தெரியுது, போதும்" என்று இருவருக்கும் சேர்த்தே முடிவு செய்துவிட்டார்.

டீச்சர் அவர்களே, நீங்கள் அக்காவைச் சேர்த்தது குழந்தைகள் வகுப்பில். பெரியவர்களுக்கு அப்போது வகுப்பே கிடையாது. கரையில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கும் பொடிசுகளுக்கு நடுவே அக்காவும் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். பொடிசுகள் தண்ணீருக்குள் குதித்து மீன் மாதிரி போனார்கள். அக்கா குளத்து ஓரக் கம்பியைப் பிடித்தவர் பிடித்தபடியே நின்றார். வாரக்கணக்கில் நின்றார். அது வெறும் தயக்கம் அல்ல, நடுக்கம். முகம் தண்ணீரைத் தொட்டதும் நெஞ்சு படபடக்கும், கம்பியைப் பிடித்த விரல் வெளுத்துவிடும். ஒரு நாள் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார் என்று டீச்சர் எனக்குச் சொன்னார். மறுநாள் வரமாட்டார் என்று நினைத்தோம். வந்தார்.

டீச்சர் அவரிடம் கேட்டார்: "எக்ஸ்ரே ரூம்ல பயந்து போய் நிக்கறவங்ககிட்ட என்ன சொல்வீங்க?" அக்கா சொன்னார். "அதையே உங்ககிட்ட நீங்க சொல்லுங்க" என்றார் டீச்சர். அக்கா கம்பியைப் பிடித்தபடி சத்தமாகச் சொன்னார்: மூச்சை இழுங்க, பிடிச்சுக்குங்க. முகத்தைத் தண்ணீரில் வைத்தார். குமிழி வந்தது. தலையைத் தூக்கியபோது குளக்கரையில் இருந்த பொடிசுகள் எல்லாம் கைதட்டினார்கள். வாழ்நாளில் தனக்குக் கிடைத்த பரிசுகளில் பெரியது அதுதான் என்று அக்கா சொல்வார்.

போட்டி நாள் வந்தது. ஏரி அன்று அமைதியாக இல்லை, காற்று இருந்தது. ஆயிரம் கையும் காலும் அடித்துக்கொண்டு ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் இறங்கியதும் அக்காவுக்கு அந்தப் பழைய நடுக்கம் திரும்பியது. அங்கங்கே காவல் படகுகள் நிற்கும். படகைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறலாம், படகு நகராமல் இருக்கும்வரை அது விதிக்கு உட்பட்டதுதான். அக்கா முதல் படகைப் பிடித்தார். படகோட்டி, "ஏறிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார். ஏறினால் ஆட்டம் முடிந்தது. அக்கா படகின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே, "உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டார். "தெரியாதும்மா. அதான் படகுல இருக்கேன்" என்றார் அவர். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் மூச்சு வெளியே போகும். மூச்சு வெளியே போனால் பயமும் கொஞ்சம் போகும். விளிம்பை விட்டார். அடுத்த படகு வரை நீந்தினார். அதைப் பிடித்தார், விட்டார். கரையேறி வந்ததும் என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "எல்லாப் படகுலயும் நலம் விசாரிச்சிட்டுத்தான் வர்றேன்."

இனி சைக்கிள். இறக்கத்து வளைவு ஒன்றில் ஒருவர் விழுந்து கிடந்தார். அவர் இங்கேதான் இருக்கிறார், மூன்றாவது வரிசையில். லிஃப்ட் மெக்கானிக் தம்பி. மருத்துவமனை லிஃப்ட் அந்தக் காலத்தில் யார் பொறுப்பில் இருந்தது என்று கேட்டால் அவர் இன்றுவரை வாய் திறப்பதில்லை. அன்று அவரை அக்காவுக்குத் தெரியாது. பலர் பார்த்துவிட்டுக் கடந்து போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், போட்டி அப்படி. அக்கா இறங்கினார்.

"தம்பி, விரலை அசை. ம்ம். எங்க வலிக்குது?"

"தோள்ல அக்கா. கையைத் தூக்க முடியல."

அக்கா கழுத்துக்குக் கீழே விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார். "காறை எலும்பு. விரிசல் விட்டிருக்கு. படம் எடுத்தாத்தான் நிச்சயமாத் தெரியும். உயிருக்கு ஒண்ணும் இல்ல. தும்மாம மட்டும் இரு."

இருக்கைக்கு அடியில் கட்டி வைத்திருந்த மாற்று டியூபை எடுத்து, அவர் கழுத்தில் மாட்டி, கையைத் தொட்டில் மாதிரி அதில் வைத்துக் கட்டினார்.

"நீங்க போங்கக்கா. உங்க டைம் போகுது."

"போறேன் தம்பி. ஆம்புலன்ஸ் சத்தம் கேக்கட்டும், போறேன்."

சத்தம் கேட்டது, போனார். போன கொஞ்ச தூரத்திலேயே அவருடைய சக்கரம் பஞ்சர். மாற்று டியூப் எங்கே இருக்கிறது? மெக்கானிக் தம்பியின் கழுத்தில் ஆம்புலன்ஸில் போய்க்கொண்டிருக்கிறது.

அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். இருபுறமும் மரம் கிடையாது, வெயில் மட்டும்தான். எதிரே ஒரு ஸ்கூட்டர் வந்தது. அத்தான். மனைவி சேரும் பந்தயத்தையெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு பந்தயத்துக்கும் பையைத் தூக்கிக்கொண்டு வருவார் அத்தான். வண்டியின் பெட்டியைத் திறந்தார். அதில் புத்தம் புது டியூப் இருந்தது.

"இந்தா, பிடி."

"வேண்டாங்க. வெளி ஆள்கிட்ட உதவி வாங்கினா வெளியே அனுப்பிடுவாங்க."

"நான் வெளி ஆளா?"

"இன்னைக்கு மட்டும்."

அத்தான் அதற்குப் பிறகு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு சாலையின் அந்தப் பக்கம் நடந்தார். அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இந்தப் பக்கம் நடந்தார். இருவரும் சாலைக்குக் குறுக்கே சண்டை போட்டுக்கொண்டே நடந்தார்கள். பின்னால் வந்த நான் அந்தக் காட்சியைப் பார்த்தேன். எனக்கு முன்னால் போனவர்களில் நான் கடைசிவரை எட்டிப் பிடித்தது அக்கா ஒருவரைத்தான், அதுவும் அவர் நடந்துகொண்டிருந்ததால். போட்டியில் இருப்பவர் போட்டியில் இருப்பவருக்கு உதவலாம், அது விதியிலேயே இருக்கிறது. என் டியூபைக் கொடுத்தேன். எனக்கு மாட்டத் தெரியாது. சாலையோரம் உட்கார்ந்து அக்காவே மாட்டினார். அந்தப் பக்கத்திலிருந்து அத்தான் யோசனை சொன்னார். "யோசனையும் உதவிதான், பேசாம இருங்க" என்றார் அக்கா.

ஓட்டினோம், உயிரைக் கொடுத்து ஓட்டினோம். சைக்கிளை முடிக்கக் கொடுத்திருந்த கெடுவுக்குக் கொஞ்சம் பிந்திப் போய்ச் சேர்ந்தோம். கொஞ்சம்தான். ஆனால் கெடு என்றால் கெடு. நடுவர் ஐயா அவர்களே, அன்று வழியை மறித்துக் கயிறு கட்டியவர் நீங்கள். காலில் கட்டியிருக்கும் நேரப் பட்டையை அவிழ்க்க அக்காவின் முன் குனிந்தவர் நீங்கள். குனிந்தபடியே சொன்னீர்கள்.

"மன்னிச்சிடுங்கம்மா."

"எதுக்கு ஐயா? படத்துல இருக்கறதை இல்லைன்னு நான் சொல்ல முடியுமா? அது மாதிரிதான் கடிகாரமும். பார்த்து, கால்ல சேறு இருக்கு."

ஒரு வருட உழைப்பு நண்பர்களே. விடியல்கள், குளம், கறுத்த நகம், படிக்கட்டு, எல்லாம் அந்தக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டன. நான் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து அழுதேன். அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வாழைப்பழம் ஒன்றை உரித்துப் பாதியை என்னிடம் நீட்டினார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்: "நீச்சல் ஆச்சு. சைக்கிள் ஆச்சு. மிச்சம் ஓட்டம்தானே? அடுத்த ஞாயித்துக்கிழமை ஓடிட்டாப் போச்சு. நம்ம தெருவுல ஓடறதுக்கு யார் கயிறு கட்டப் போறா?"

அப்படித்தான் அது பிறந்தது. அடுத்த ஞாயிறு காலை மருத்துவமனை வாசலில் நானும் அக்காவும் மட்டும் நின்றோம். வேடிக்கையாக இருக்கும் என்று நினைத்து வந்தேன். ஓடத் தொடங்கியதும் வேறு மாதிரி ஆகிவிட்டது. தெரு முனையில் ஒரு கையைத் தொட்டிலில் போட்டுக்கொண்டு, மறு கையால் தண்ணீர் நீட்டிக்கொண்டு நின்றார் மெக்கானிக் தம்பி. அந்த வாரம் மருத்துவமனையில் அவருக்குப் படம் எடுத்தது அக்காதான். "இழுத்துப் பிடிங்கன்னு சொன்னாங்க, வலியில எனக்கு வரல. அன்னைக்கு ரோட்டுல எவ்வளவு நேரம் உனக்காக நின்னேன், ஒரு மூச்சு பிடிக்க மாட்டியான்னு கேட்டாங்க" என்று அவர் சொல்லிச் சிரித்தார். பணி முடிந்த செவிலியர்கள் சிலர் அப்படியே சேர்ந்துகொண்டார்கள். குளத்தைக் கடந்தபோது டீச்சர் சேர்ந்தார். வெயில் ஏறியபோது என் தொடை பிடித்துக்கொண்டது. அக்காவுக்கு வயிற்றைப் புரட்டியது. நடந்தோம், ஓடினோம், மறுபடி நடந்தோம். கடைசி வளைவில் சாதாரணச் சட்டையில் ஒருவர் ஓடி வந்து எங்களோடு சேர்ந்தார். யார் என்று பார்த்தால் நடுவர் ஐயா. அவரும் ஓடினார்.

அச்சகம் இருக்கும் தெருவுக்குள் திரும்பினோம். தெருவுக்குக் குறுக்கே அச்சகத் தாளை நீளமாக வெட்டி ஒட்டி, ஒரு முனையை மின்கம்பத்தில் கட்டி, மறு முனையைப் பிடித்துக்கொண்டு அத்தான் நின்றிருந்தார். தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தார். நிறைவுக் கோடு என்று அடிக்க நினைத்தது. அக்கா தாளுக்கு ஒரு அடி முன்னால் சடாரென்று நின்றுவிட்டார். நாங்கள் பின்னால் மோதிக்கொண்டோம்.

"என்னங்க, நிறைவுக் கேடுன்னு போட்டிருக்கீங்க."

அத்தான் குனிந்து பார்த்தார். முகம் சிவந்துபோனது. "அவசரத்துல துணைக்கால் விட்டுப் போச்சு."

"எனக்கு ரெண்டு காலும் விட்டுப் போச்சு" என்றார் அக்கா.

தெருவே சிரித்தது. அத்தானும் சிரித்தார். அக்கா தாளைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனார். மை உலராத தாள். அவர் சட்டையின் மார்பில் அந்தக் கேடு அப்படியே பதிந்துவிட்டது. அந்தச் சட்டையை அவர் துவைத்ததே இல்லை என்று மகள் சொல்கிறார். அந்தச் சட்டைதான் இன்று இந்த மேசையில் பூவுக்குப் பக்கத்தில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

அடுத்த ஆண்டு, ஓட்டம் ஒன்றைப் பாதியில் விட்ட ஒரு தையல்கார அம்மா எங்களிடம் வந்து, "நீங்க மிச்சம் ஓடுவீங்களாமே, நானும் வரலாமா?" என்று கேட்டார். அதற்கு அடுத்த ஆண்டு வெளியூர்களிலிருந்து வந்தார்கள். கால் பிசகி விட்டவர்கள், கெடு தவறியவர்கள், பயந்து படகில் ஏறிக்கொண்டவர்கள். யார் எவ்வளவு தூரத்தை விட்டார்களோ அவ்வளவு தூரத்தை எங்கள் தெருக்களில் ஓடி முடித்துக்கொண்டு போவார்கள். நேரம் எடுப்பதில்லை. பதக்கம் இல்லை. அத்தான் அடிக்கும் தாள் மட்டும் உண்டு, அதில் அந்தப் பிழையைத் திருத்த அக்கா விடவில்லை. தோற்றவர்களுக்கு ஆறுதல் சொல்ல எல்லோராலும் முடியும். தோற்றவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்க எத்தனை பேரால் முடியும்?

அந்தப் பெரிய போட்டியை அக்கா பிறகு முழுதாக முடித்தார். ஏரியில் அந்த முறை ஒரே ஒரு படகைத்தான் பிடித்தார், அதுவும் பழைய படகோட்டியைப் பார்த்துவிட்டதால். கழுத்தில் பதக்கத்தை மாட்டியவர் நம் நடுவர் ஐயா. அந்தப் பதக்கம் எக்ஸ்ரே அறை மேசையில் தாள் பறக்காமல் இருக்கப் பாரமாக இருந்தது.

இப்போது சொல்லக் கஷ்டமான பகுதிக்கு வருகிறேன். சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு நாள் இருமல் விடவில்லை என்று தன் பிரிவிலேயே பலகையில் நின்றார் அக்கா. படம் எடுத்தவர் அவரோடு வேலை செய்யும் தங்கை. திரையைப் பார்த்ததும் அந்தத் தங்கை அழுதுவிட்டார். அக்கா சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து தானே பார்த்தார். "ஏன் அழறே? படம் நல்லா எடுத்திருக்கே. அசையாம வந்திருக்கு" என்று அந்தப் பெண்ணின் தோளைத் தட்டினார். பிறகு அத்தானுக்குத் தொலைபேசியில் சொன்னார். முதலில் சாப்பிட்டுவிட்டீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் சொன்னாராம்.

தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. ஓடி ஓடித்தான் இப்படி ஆயிற்று என்று. என் கடைக்கு வந்தே சிலர் சொன்னார்கள். தலைமை மருத்துவர் அம்மாவிடம் நேராகவே கேட்டேன். அந்த நோய்க்கும் ஓட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அவர் சொன்னார். அதை இந்த மேடையிலேயே எல்லோர் காதிலும் விழும்படி சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன். ஓட்டம் அவரிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பொடிசுகளின் கைதட்டலைக் கொடுத்தது. எங்களைக் கொடுத்தது. எங்களுக்கு அவரைக் கொடுத்தது.

சிகிச்சைக்கு நடுவிலும் நடந்தார். உடம்பு கொஞ்சம் தேறியதும் சென்ற ஆண்டு மாரத்தானில் மருத்துவரின் ஒப்புதலோடு பேர் கொடுத்தார். நடப்பதும் ஓடுவதுமாகப் பாதி தூரத்தைத் தாண்டினார். ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். முகம் வெளுத்திருந்தது, ஆனால் ஆற்றைப் பார்த்துக்கொண்டு சுகமாகத்தான் உட்கார்ந்திருந்தார். "இன்னைக்கு இவ்வளவுதான் தம்பி. மிச்சத்தை ஒரு ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம். அவரை ஸ்கூட்டர் எடுத்துட்டு வரச் சொல்லு. இன்னைக்கு அவர் உள் ஆள்தான்" என்றார். அத்தான் வந்தார். அக்கா பின்னால் உட்கார்ந்து அவர் முதுகில் சாய்ந்துகொண்டு போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை.

நண்பர்களே, இரங்கல் கூட்டத்தில் உறுதிமொழி எடுப்பது வழக்கம். பெரிய சொற்களில் எடுத்தால் அக்கா சிரிப்பார், எனவே நடக்கப் போவதை மட்டும் சொல்கிறேன். மைதானத்தில் ஞாயிறு தோறும் புதிதாக வருபவர்களோடு கடைசியில் ஓடும் வேலையை மெக்கானிக் தம்பி எடுத்துக்கொண்டிருக்கிறார். தண்ணீருக்குப் பயப்படும் பெரியவர்களுக்கென்று தனி வகுப்பை டீச்சர் அடுத்த மாதம் தொடங்குகிறார். மிச்ச தூரம் ஓடும் நாள் ஆண்டுதோறும் நடக்கும். இனி நடுவர் ஐயா கயிறு கட்டுகிற இடத்தில், கெடு தவறி வருகிற ஒவ்வொருவரிடமும் அந்த நாளைச் சொல்லி அனுப்பப் போவதாக என்னிடம் கூறியிருக்கிறார். இதைச் செய்வோம். செய்யாமல் விட்டால் நம்மை அக்காவின் ஆட்கள் என்று சொல்லிக்கொள்ள நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

இன்னும் ஒன்று. நேற்று மாலை அத்தான் என் கடைக்கு வந்தார். கண்ணாடி சரிபார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"அவ விட்ட இடம் எது?" என்றார்.

"பாலம் தாண்டி, கைப்பிடிச் சுவர் முடியற இடம் அத்தான்."

"எனக்குக் காட்டணும். வர்ற ஞாயித்துக்கிழமை."

"ஓடப் போறீங்களா?"

"ஓட மாட்டேன். என்னை யார் துரத்தறா? நடப்பேன். முடிக்க சாயங்காலம் ஆனாலும் ஆகட்டும். பக்கத்துல வந்து வேகமா வாங்கன்னு எவனும் சொல்லக் கூடாது."

சரி அத்தான் என்றேன். அவர் காலுக்குப் பொருத்தமான ஓட்டக் காலணி வாங்க இருவரும் சேர்ந்து போனோம். கடைக்காரர் எடுத்துக் காட்டியதையெல்லாம் பார்த்துவிட்டு, இருப்பதிலேயே பளிச்சென்ற நிறத்தைக் கேட்டு வாங்கினார்.

எனவே வரும் ஞாயிறு, வெயில் ஏறுவதற்கு முன், எல்லோரும் ஆற்றுப் பாலத்துக்கு வந்துவிடுங்கள். குழந்தைகளை அழைத்து வாருங்கள். தண்ணீர் கொண்டு வாருங்கள். அத்தான் முன்னால் நடப்பார், நாம் பின்னால் போவோம். நம்மில் வேகமாக ஓடக்கூடியவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அன்று ஒரு நாள் மட்டும், தயவுசெய்து யாரும் அவரை முந்திவிட வேண்டாம்.